செங்கோட்டைக் குரலும் திரிகூடப் பாட்டும்

இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் கேட்ட பாட்டுக்களைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவது தகுமோ என்று சிலர் வினவக்கூடும். தகும் என்பதே என் துணிபு. நாள்தோறும் நாம் முணுமுணுப்பதைக் குறித்து எழுத நாணுவானேன்? கண்ணை மூடிக் கேட்டாலும் பாட்டு நிற்கின்றதா என்பதே அதற்குரிய சோதனை. தென்காசிச் சீமையோடு தொடர்புற்று, இச்சோதனையில் என்னளவில் நின்ற சிலவற்றை ஈண்டு உரைப்பேன்.

முதலாவது எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல். 1906-ல் செங்கோட்டையிற் பிறந்த அந்நாடக நடிகர் 1933-ல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். ஒலிபெருக்கியின் துணையின்றியே கொட்டகையின் கடைக்கோடிக்கும் கேட்கப் பாடியவர் அவர். தமிழிற் பேசும்படம் 1931-ல் தோன்றியதாயினும் அவர் எப்படத்திலும் நடித்தாரல்லர். எனவே அவர் பாட்டுக்கு எஞ்சிய சான்று இசைத்தட்டுக்களே. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாகவே கொள்ளும். மேடையில் விரும்பியவாறு விரித்துப் பாடியவர், அச்சிறு எல்லைக்குள் தம் கலையை அடக்கவேண்டியதாயிற்று. அவருடைய 'எவரனி' என்னும் தட்டைக் கேட்குந்தோறும், வீணே கழிந்த நொடி ஒன்றேனும் உண்டோ என்று தேடுவேன், இன்றுவரை அகப்பட்டதில்லை.

என் பாட்டனார் சிறுவயதில் கிட்டப்பாவை மேடையிற் கண்டவர். அவர் தட்டுக்களைத் துணியிற் சுற்றி மரப்பெட்டியிற் காத்துவந்தார். "குரல் இருக்க முகம் எதற்கு?" என்பது அவர் வழக்கமான பேச்சு. அவர் கண்ட படம் ஒன்றே. அது 1935-ல் வெளிவந்த நந்தனார். கிட்டப்பாவின் மனைவியார் கே. பி. சுந்தராம்பாள் கணவர் மறைந்தபின் வெள்ளாடையே உடுத்தவர். அப்படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்கப்பால் பாட்டனார் படக்கொட்டகை வாயிலை மிதிக்கவில்லை. எனக்கோ திரைப்பாட்டின்றிப் பொழுது போகாது. இதனால் எங்களுக்குள் பூசல் சிறிதன்று. சில நாட்கள் பேச்சும் நின்றதுண்டு.

1992-ல் 'ரோஜா' வந்தது. கதைத்தலைவி தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்துப் பெண். ஊர்ப்பெயர் வந்த அளவில் கொட்டகையில் எழுந்த ஆரவாரத்தில் அடுத்த வசனம் என் செவிக்கு எட்டவேயில்லை. அப்பெண்ணின் சின்னஞ்சிறு ஆசைகளைச் சொல்லும் பாட்டை வைரமுத்து இயற்ற, மின்மினி பாடினார். ஏ. ஆர். ரகுமானுக்கு அதுவே முதற்படம்; இசைக்கும் பாட்டுக்கும் தேசிய விருதுகள் கிட்டின. பாட்டனாரிடம் இதைச் சொன்னேன். "நல்லது" என்றார், அவ்வளவே.

மூன்றாவதன் வரலாறு வேறு. தென்காசியினின்றும் குற்றாலம் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் உளது. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் அவ்வூரினர். அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர்பெற்றது. குற்றாலநாதர் வீதியில் வசந்தவல்லி பந்தாடுங்கால் கண்டோர் வியந்துரைக்கும் பகுதியை யாம் வகுப்பிலே உரைநடைபோல் வாசித்துப் பொருள் எழுதி மறந்தோம். கவியைப் பாடிக்காட்டியே பிறர்க்கு உணர்த்திய ரசிகமணி டி. கே. சி. வாழ்ந்த குற்றாலத்தின் அருகிலிருந்தே இங்ஙனம் செய்தோம் என்பது நகைப்புக்குரியது. 1994-ல் வெளிவந்த 'காதலன்' படத்தில் அதே பகுதியை ரகுமானின் இசையிற் கேட்டபோதுதான் பந்தின் துள்ளல் சொல்லுக்குள்ளேயே இருத்தலை உணர்ந்தேன். எதுகையும் மோனையும் பந்தைப்போலவே எழுந்து விழுகின்றன.

மறு ஆண்டுச் சாரற்காலத்தில் பாட்டனாரோடு அருவியாடித் திரும்புங்கால், மேலகரத்துத் தேநீர்க்கடையில் அப்பாட்டு ஒலித்தது. பாட்டனார் நின்றுவிட்டார். தலையிற் சுற்றிய ஈரத்துண்டினின்றும் நீர் சொட்டக் கேட்டார். பாட்டு முடிந்ததும், படத்தில் வாராத அடுத்த பகுதியைத் தாம் இளமையிற் பயின்ற பழைய மெட்டிற் பாடினார். கடைக்காரர் குவளையைக் கையிலேந்தியவாறே நின்றார்.

"எந்தப் படமடா இது?" என்று பாட்டனார் வினவினார். பெயர் சொன்னேன்.

"அதில் பந்தடிக்கிறாளா?"

"இல்லை, தாத்தா; நடனமாடுகிறாள்."

"பிறகு என்னத்தைப் பார்ப்பது!" என்று கூறி நடந்தார். ஆயினும் தென்காசி சேருமளவும் அவர் முணுமுணுத்தது ரகுமானின் மெட்டு.