அம்மாவின் காது பொய் சொல்லவில்லை

அப்பாவின் கசட்டுகளில் பழைய இலங்கை வானொலி உயிரோடு இருக்கிறது. அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் குரல், நித்தி கனகரத்தினத்தின் பொப் பாடல்கள், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'. கொழும்பு கொட்டாஞ்சேனையில் குடியிருந்த காலத்தில் வானொலிப்பெட்டியிலிருந்து நேரே பதிந்தவை. பின்னால் எப்போதும் மெல்லிய இரைச்சல் உண்டு. அதை நாங்கள் குறையாக எண்ணியதே இல்லை.

வெள்ளவத்தைக்கு வந்த பிறகு, காலி வீதிக் கடையொன்றில் அவற்றில் நாலைந்தை இறுவட்டாக்கக் கொடுத்தேன். "சவுண்டைக் கிளியராக்கித் தாறம்" என்றார்கள். கொண்டுவந்து போட்டேன். முதல் பாட்டு முடியுமுன்னே அம்மா குசினியிலிருந்து வந்துவிட்டார். "தம்பி, காது கூசுது. நிப்பாட்டு."

பலரும் இதற்கு டிஜிட்டலைத்தான் பழிக்கிறார்கள். அது அநியாயம். 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு, ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் குறிக்க 65,536 படிகள். கசட்டின் ஒலியில் உள்ள நுணுக்கமெல்லாம் அதில் அடங்கியும் இடம் மிஞ்சும். கெடுப்பது பதிகிற கை.

நாடாவில் அளவுமீறிப் பதிந்தால் ஒலியலையின் உச்சி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். டிஜிட்டலில் அந்த இரக்கம் கிடையாது. உச்ச அளவைத் தாண்டிய அலை கத்தியால் சீவியதுபோலத் தட்டையாகிவிடும். சீவிய விளிம்பிலிருந்து, பாடியவரும் வாசித்தவரும் எழுப்பாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. காதில் கீறுவது அவைதான். போதாததற்கு ட்ரெபிளையும், அதாவது கீச்சொலிகளையும், ஏற்றிவிடுகிறார்கள். மனிதக் காது மிகக் கூர்மையாயிருப்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை. குழந்தையின் அழுகை நம் காதில் அவ்வளவு உறைப்பதில் அதற்கும் பங்குண்டு. 'கிளியர்' என்று சொல்லி அந்த இடத்திலேயே குத்தினால் யார் தாங்குவார்கள்?

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பெரிய நிறுவனங்களே 1990களிலிருந்து யாருடைய பாட்டு உரக்கக் கேட்கும் என்று போட்டி போட்டன. 2008இல் மெற்றாலிக்கா ரொக் குழுவின் 'டெத் மக்னெற்றிக்' இசைத்தொகுப்பு உரப்புக்காக நசுக்கப்பட்டு வெளிவந்தபோது ரசிகர்களே பொங்கினார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் தேடிக் கேட்டார்கள்.

ஒரே தட்டில் நூறு பாட்டுக்கு மேல் என்று ஆசையாய் வாங்கினோமே, அந்த எம்பி3 இன்னொரு கதை. நொடிக்கு 128 கிலோபிட்டாகச் சுருக்கினால் இறுவட்டுத் தரவில் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். சலங்கையும் சிம்பலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழறும்.

நல்லவேளையாக அசல் நாடாக்கள் கையில் இருந்தன. போன மாதம் நானே பதிந்தேன். அளவு ஒருபோதும் உச்சியைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். இரைச்சலை இருந்தபடியே விட்டேன். அம்மா கடைசிவரை கேட்டார். "பின்னால ஆரோ கைதட்டுறது இப்பதான் கேக்குது" என்றார்.

பெட்டியில் இன்னும் முப்பதுக்கு மேல் கிடக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் கடல், உப்புக்காற்று, புழுக்கம். இரண்டு நாடாக்களில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவற்றைத்தான் முதலில் எடுத்து வைத்திருக்கிறேன்.