அரைவைக் குண்டு ஏன் உடைகிறது?

இலங்கையின் வடக்கே காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை எழக் காரணம் காலடியிலேயே கிடந்த சுண்ணாம்புக்கல். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, 1990இல் உள்நாட்டுப் போரால் நின்றுபோனது. சீமெந்து ஆலை என்றதும் சூளையும் புகைபோக்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் காதைப் பிளக்கும் இரைச்சல் அரைவைப் பகுதியில்தான். சூளையில் வெந்த கிளிங்கர் கட்டிகளை ஜிப்சத்தோடு சேர்த்துச் சுழலும் நீண்ட உருளைக்குள் விடுவார்கள். உள்ளே டன் கணக்கான இரும்புக் குண்டுகள் விழுந்து மோதி அவற்றை மாவாக்கும்.

இன்று உலகின் பல ஆலைகளில் இவை குரோமியம் மிகுந்த வெள்ளை வார்ப்பிரும்புக் குண்டுகள். தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனாலும் சில குண்டுகளின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். சில இரண்டாகவே பிளக்கும்.

வார்ப்பில் காற்றுக்குழி இருந்திருந்தால் முறிந்த முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். குழி எதுவும் இல்லையென்றால்? அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தைத்தான் பார்க்க வேண்டும். குண்டுகளை ஏறத்தாழ 1000 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி ஆறவிடும்போது, ஆஸ்டெனைட் என்ற அடுக்கு மார்ட்டென்சைட் என்ற கடினமான அடுக்காக மாறுகிறது. முழுவதும் மாறுவதில்லை. எஞ்சிய ஆஸ்டெனைட், உருளைக்குள் அடிபட அடிபட மாறத் தொடங்கும், மாறும்போது பருக்கும். மேற்பரப்பு மட்டும் பருத்தால் தகைப்பு ஏறும், விரிசல் ஓடும்.

இந்த மிச்சத்தை அளக்க உதவுவது எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவு. படிகங்கள் எக்ஸ்-கதிரைக் குறிப்பிட்ட கோணங்களில் சிதறச் செய்வதை 1912இல் இயற்பியலாளர் லாவேயும் அவருடைய துணைவர்களும் காட்டினார்கள். அந்தக் கோணத்தைக் கொண்டே அணு அடுக்குகளின் இடைவெளியைக் கணக்கிட வழிகண்ட பிராக் தந்தை, மகன் இருவருக்கும் 1915இல் நோபல் பரிசு கிடைத்தது. மகன் லாரன்சுக்கு அப்போது 25 வயது. ஆஸ்டெனைட்டும் மார்ட்டென்சைட்டும் வெவ்வேறு கோணங்களில் கோடு காட்டும். கோடுகளின் வலுவை ஒப்பிட்டால் எது எவ்வளவு என்பது தெரியும். இம்முறை சீமெந்துத் துறைக்குப் புதிதல்ல. கிளிங்கரின் கனிமங்களை அளக்கவும் இதுவே பயன்படுகிறது.

சிக்கல் மாதிரியைத் தயார்செய்வதில் இருக்கிறது. எக்ஸ்-கதிர் இரும்பில் மில்லிமீட்டரின் சில நூறில் ஒரு பங்குக்குள்தான் இறங்கும். மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தினால், அந்தத் தேய்ப்பே ஆஸ்டெனைட்டை மாற்றி அளவைக் கெடுத்துவிடும். அதனால் கடைசிப் படலத்தை மின்பகுப்பு முறையில் கரைத்து நீக்குகிறார்கள். இந்த வார்ப்பிரும்பில் உள்ள குரோமியம் கார்பைடின் கோடுகளும் அருகிலேயே விழுந்து குழப்புவதால், ஒரே கோட்டை நம்பாமல் பல கோடுகளை அளக்கிறார்கள்.

முறிவை ஒட்டிய இடத்தில் ஆஸ்டெனைட் குறைவாகவும், குண்டின் நடுவே கூடுதலாகவும் இருந்தால், மாற்றம் உருளைக்குள் நடந்திருக்கிறது என்று பொருள். அடுத்த வார்ப்புத் தொகுதியில் சூடாக்கும் வெப்பநிலையையும் ஆறவிடும் வேகத்தையும் திருத்தி அந்த மிச்சத்தைக் குறைக்கிறார்கள்.