மருந்திலும் கோதுமை உண்டோ?

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம், சில ஆண்டுகளில் அவ்வூர்ப் பேச்சைக் கற்றுக்கொள்கிறோம். அவ்வூர் உணவுக்கும் பழகிவிடுகிறோம். காலையில் இட்லி இருந்த இடத்தில் பராட்டாவும், இரவில் ரசஞ்சோறு இருந்த இடத்தில் சப்பாத்தியும் வந்து அமர்கின்றன. பெரும்பாலோருக்கு இம்மாற்றத்தால் தீங்கொன்றும் இல்லை. ஆயினும் ஒரு சிலருக்குக் கோதுமையே நஞ்சாகிவிடுவதுண்டு. அவர்களுக்கு நேரும் நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனப்படும் பசைப் புரதம் அமைந்துள்ளது. பிசைந்த மாவு அறுந்துபோகாமல் இழுபடுவது இதனாலேயே. சீலியாக் நோய்க்கு இலக்கானவர் இப்புரதத்தை உண்டால், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சுகின்ற, விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. அதன் விளைவாக வயிற்றுப்போக்கு, உப்புசம், எடைக் குறைவு, சோகை, எலும்புத் தளர்ச்சி முதலியவை தோன்றுகின்றன. குழந்தைகளின் வளர்ச்சி குன்றுகிறது. வடக்கே பொதுமக்கள் இதனைக் 'கேஹூன் கீ அலர்ஜி', அதாவது கோதுமை ஒவ்வாமை என்பர். அச்சொல் முற்றும் பொருந்தாது. ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சிறிது நேரத்தில் தடிப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ வெளிப்படுவது. சீலியாக் நோயோ பல ஆண்டுகள் ஓசையின்றி உள்ளே இருந்து அரிப்பது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே 1950-ஆம் ஆண்டின் தம் ஆய்வேட்டில் நிலைநாட்டினார்.

தென்னாட்டவரான நமக்கு இந்நோய் வாராது என்று எண்ணுவோர் உளர். 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு இதற்கு விடை தருகிறது. இந்நோய்க்கு அடையாளமான இரத்த எதிர்ப்பொருள் வட இந்தியரில் நூற்றுக்கு 1.23 பேரிடம் காணப்பட்டது, தென்னிந்தியரில் 0.10 பேரிடமே காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணுக்கள் வடக்கே நூற்றுக்கு 38.1 பேரிடமும், தெற்கே 36.4 பேரிடமும் இருந்தன. வித்தியாசம் மிகச் சிறிது. கோதுமையின் அளவிலோ வித்தியாசம் மிகப் பெரிது. வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். மரபணு உடைய யாவருக்கும் நோய் வருவதில்லை. எனினும் தெற்கிலிருந்து வந்து வடக்கத்தி உணவை மேற்கொண்ட நாம் நம்மை விதிவிலக்காகக் கருதுவதற்கு இல்லை.

நோய் உறுதியானபின் செய்யத்தக்க சிகிச்சை ஒன்றே. குளூட்டன் உள்ள உணவை வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டும். சோறும் இட்லியும் கேழ்வரகும் சோளமும் கம்பும் இருக்கும்போது நம்மவர்க்கு இஃது இயலாத காரியம் அன்று. இடர்ப்பாடு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. நோயாளிக்கு நெஞ்செரிச்சல் உண்டாகிறது. அமிலத் தணிப்பு மாத்திரை ஒன்றை வாயிலிட வேண்டும். இந்த மாத்திரையில் கோதுமை கலந்திருக்குமோ என்ற ஐயம் அப்பொழுது எழுகிறது.

இந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் அதன் அளவை அறிந்துகொள்ளுதல் நலம். நெஞ்செரிச்சலைத் தணிக்கும் சரக்குகளாகிய அலுமினியம் ஹைட்ராக்சைடு, மக்னீசியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட் ஆகியவை தாது உப்புக்கள். வாயுவை அடக்கும் சிமெதிக்கோன் சிலிக்கனைச் சார்ந்தது. இவற்றுள் எதற்கும் தானியத் தொடர்பே இல்லை. ஐயத்துக்கு இடமானவை மாத்திரையைப் பிடித்து நிறுத்தும் துணைப்பொருள்கள். தூளை மாத்திரையாக அழுத்தவும், வயிற்றில் அது உடைந்து கரையவும் ஸ்டார்ச்சு என்னும் மாவுச்சத்து சேர்க்கப்படுகிறது. அது பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தோ, உருளைக்கிழங்கிலிருந்தோ, மரவள்ளியிலிருந்தோ எடுக்கப்படுவது, இவை தீங்கற்றவை. அரிதாகக் கோதுமையிலிருந்தும் எடுக்கப்படலாம். அதிலும் புரதம் பெரும்பாலும் நீக்கப்பட்டு, மிகச் சிறு எச்சமே எஞ்சி நிற்கும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ஆம் ஆண்டின் இறுதியில் இதனை ஆராய்ந்து ஒரு வரைவுக் குறிப்பு வெளியிட்டது. கோதுமை மாவையோ குளூட்டனையோ வேண்டுமென்றே சேர்த்துச் செய்த உட்கொள்ளும் மருந்து எதுவும் அந்நாட்டில் விற்பனையாவதாகத் தாம் அறியவில்லை என்றும், கோதுமை ஸ்டார்ச்சு உள்ளவை மிகச் சிலவே என்றும், அவற்றிலும் ஒரு வேளை மருந்தில் அரை மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இராது என்றும் அது மதிப்பிட்டது. பெரும்பாலான நோயாளிகள் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை தாங்குவர் என்பது மருத்துவர் பலர் கொண்ட கருத்து. முப்பது கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியிலோ ஏறத்தாழ 3,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். ஆகவே தட்டிலுள்ள ஆபத்து மலையெனின், மாத்திரையிலுள்ளது கடுகு. கடுகேயாயினும், நாள்தோறும் பல மாத்திரை உண்பவர் விசாரித்துத் தெளிவதே முறை.

விசாரிப்பது எவ்வாறு? உணவுப் பொட்டலத்தில் 'குளூட்டன் அற்றது' என்று அச்சிட வேண்டுமாயின், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துள்ளது. இவ்விதி உணவுக்கு உரியது, மருந்துக்கு அன்று. மாத்திரை அட்டையில் மருந்துச் சத்தின் பெயர் இருக்கும். துணைப்பொருள்கள் யாவும் அச்சிட்டிருக்குமென எதிர்பார்த்தல் கூடாது. உற்பத்தி நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் குறிப்பிட்டு, 'ஸ்டார்ச்சு எந்தப் பயிரிலிருந்து எடுக்கப்பட்டது?' என்று எழுதிக் கேட்கலாம். 'குளூட்டன் உண்டா?' என்று மட்டும் கேட்பதைவிட இக்கேள்வி தெளிவான விடையைக் கொணரும். கடைக்காரரிடம் இந்தியில் கேட்பதாயின், 'இஸ் தவா மே கேஹூன் கா ஸ்டார்ச் ஹை க்யா?' என்பது போதும். கோதுமை கேஹூன், பார்லி ஜௌ, ரவை சூஜி, கோதுமைக் குறுணை தலியா என்று நினைவிற் கொள்க.

துணைப்பொருட் பட்டியல் கிடைத்தால் அதனைப் படிக்கும் முறையும் உண்டு. டிரிட்டிசி அல்லது டிரிட்டிக்கம் என்ற லத்தீன் பெயர் கோதுமையைக் குறிப்பது. ஹோர்டியம் பார்லியைக் குறிப்பது. மால்ட் என்பது பொதுவாக முளைகட்டிய பார்லி. மேடிஸ் மக்காச்சோளம், சொலானி உருளைக்கிழங்கு. வெறும் 'ஸ்டார்ச்சு' என்றிருந்தால் கேட்டுத் தெளிக. செல்லுலோஸ், மக்னீசியம் ஸ்டியரேட், மானிடால், லாக்டோஸ் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. ஆயினும் குடல் இன்னும் ஆறாதவர்க்குப் பாலின் சர்க்கரையாகிய லாக்டோஸ் சில காலம் செரியாமல் உப்புசம் தரலாம். மக்னீசிய உப்பு பேதி தரலாம். ஒரு மாத்திரைக்குப்பின் வயிறு கலங்கிற்று என்பதால் மட்டுமே அதில் கோதுமை உண்டென்று முடிவு கட்டலாகாது. இன்னொன்று: ஒரே மருந்தை இரு நிறுவனங்கள் செய்யும்போது துணைப்பொருள்கள் வேறுபடலாம். ஊர் மாறி வேறு நிறுவனத்து மாத்திரை வாங்குமிடத்து மீண்டும் விசாரித்தல் வேண்டும்.

கடை மருந்தை இவ்வளவு ஐயுறும் நாம், வீட்டு மருந்தை ஐயுறுவதில்லை. வயிற்றுப் பொருமலுக்கு மோரில் பெருங்காயம் கரைத்துக் குடிப்பது நம் வழக்கம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். கருவேல வகைப் பிசினுடன் கோதுமை மாவோ மைதாவோ அதில் கலந்திருப்பது சகஜம். பெருங்காயம் சேர்த்த செரிமானச் சூரணங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அரிசி மாவோ பிற மாவோ கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. பொட்டலத்தைப் படித்து வாங்குக. நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் பார்லிக் கஞ்சியும், நோயாளிக்குத் தெம்பூட்டக் கொடுக்கும் மால்ட் பானமும் இந்நோயாளிக்கு ஆகா. சுக்கும் சீரகமும் ஓமமும் தாமாகத் தீங்கற்றவை. மாவு அரைக்கும் இயந்திரத்தில் கோதுமைக்குப்பின் அவற்றை அரைத்தால் மட்டுமே குற்றம் சேரும்.

அமிலத் தணிப்பு மருந்தைப்பற்றி மேலும் இரண்டு குறிப்புக்கள். சீலியாக் நோயாளரிற் பலர் இரும்புச்சத்து மாத்திரையும், சிலர் தைராய்டு மாத்திரையும் உண்பவர். அமிலத் தணிப்பு மருந்து இவ்விரண்டும் உடலில் சேர்வதைத் தடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புக்குரிய இடைவெளியை மருத்துவரிடம் கேட்டறிக. இரண்டாவது, நோய் இன்னதென்று அறியாமலே ஆண்டுக்கணக்கில் நெஞ்செரிச்சல் மாத்திரை உண்டு வருபவர், கூடவே சோகையோ எடைக் குறைவோ இருப்பின் சீலியாக் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று விடை வரக்கூடும்.

முடிவாக, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. குளூட்டன் இருக்குமோ என்ற அச்சத்தால் இதய நோய்க்கோ, வலிப்புக்கோ, காசநோய்க்கோ, சர்க்கரை நோய்க்கோ உண்ணும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. நாம் மேலே கண்ட கணக்கின்படி மாத்திரையால் வரக்கூடிய தீங்கு அற்பம். மருந்தை விடுவதால் வருவதோ உயிரிழப்பாகவும் இருக்கலாம். விடை வரும்வரை மருந்து தொடர்ந்து நடக்கட்டும். கோதுமை ஸ்டார்ச்சு உண்டென்று தெரியவந்தால், அதே மருந்தை வேறு நிறுவனத்தின் தயாரிப்பில் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்போம்.

மொழி தெரியாத ஊரில் மருந்துக் கடை முன் நின்று கேள்வி கேட்கக் கூச்சப்படுதல் இயல்பு. ஆயினும், தாம் உண்ணும் மருந்தில் என்ன இருக்கிறதென்று கேட்பது நோயாளியின் உரிமை. நோயின் பெயர், விலக்க வேண்டிய தானியங்கள், உண்டு வரும் மருந்துகள் ஆகியவற்றை அவ்வூர் மொழியில் ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோமாக. நாம் பேச இயலாத வேளையிலும் அவ்வட்டை நமக்காகப் பேசும்.