பேசுறது ஒரு தமிழ், புத்தகத்துல ஒரு தமிழ்: கோடை விடுமுறையில் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது ஏன் முக்கியம்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்தாச்சு. பள்ளி திறக்க ஜூன் ஆகும். மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காலை 11 மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விளையாட விட முடியாது. ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு கையில் செல்போன். "அதைக் கீழே வை", "போர் அடிக்குதும்மா". பல வீடுகளில் விடுமுறை முழுக்க ஓடும் உரையாடல் இதுதான்.

"அப்போ ஒரு கதைப் புத்தகம் எடுத்துப் படியேன்" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பதும் தெரியும். வாய் ஓயாமல் தமிழ் பேசும் ஏழு வயதுக் குழந்தை, தமிழ்ப் புத்தகத்தில் நான்கு வரி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மூடி வைத்துவிடும். "தமிழ் கஷ்டமா இருக்கு" என்று ஒரு காரணமும் சொல்லும்.

வீட்டிலேயே பேசுற மொழி எப்படிக் கஷ்டமாகும்? சோம்பேறித்தனம், செல்போன் பழக்கம் என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன், தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைப் புரிந்துகொள்வது நல்லது. அதை எளிதாக்கும் வழியும் வீட்டிலேயே இருக்கிறது.

ஒரே வீட்டில் இரண்டு தமிழ்

நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் ஒன்றல்ல. பெரியவர்களான நமக்கு இது பழகிப்போனதால் கவனிப்பதே இல்லை. குழந்தையின் காதில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் கேட்பது: "பூனை மரத்துல ஏறிடுச்சு." புத்தகத்தில் இருப்பது: "பூனை மரத்தில் ஏறிவிட்டது."

வீட்டில் கேட்பது: "என்னோட பந்தை எங்க வச்ச?" புத்தகத்தில் இருப்பது: "என்னுடைய பந்தை எங்கே வைத்தாய்?"

வீட்டில் கேட்பது: "அவங்க எல்லாம் போயிட்டாங்க." புத்தகத்தில் இருப்பது: "அவர்கள் அனைவரும் சென்றுவிட்டார்கள்."

கடைசி உதாரணத்தில் ஒரு சொல்கூட அப்படியே இல்லை. 'எல்லாம்' என்பது 'அனைவரும்' ஆகிவிட்டது. 'போ' என்பது 'செல்' ஆகிவிட்டது. விகுதியும் மாறிவிட்டது. ஒரு மொழிக்குள் அன்றாடப் பேச்சுக்கு ஒரு வடிவமும், எழுத்துக்கும் மேடைக்கும் இன்னொரு வடிவமும் இருப்பதை மொழியியலில் இரட்டை வழக்கு என்பார்கள். அரபு மொழியிலும் இதே நிலைதான்.

நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், சென்னைத் தமிழ் என்று வீட்டுத் தமிழ் ஊருக்கு ஊர் மாறும். புத்தகத் தமிழ் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் அது எந்த வீட்டுச் சமையலறையிலும் பேசப்படுவதில்லை.

எழுத்துக்கூட்டும் குழந்தை எங்கே தடுமாறுகிறது?

ஒரு குழந்தை புதிய சொல்லைப் படிக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. முதலில் எழுத்துகளை ஒலியாக மாற்ற வேண்டும். பிறகு அந்த ஒலி, ஏற்கெனவே காதில் விழுந்த ஒரு சொல்லோடு பொருந்த வேண்டும். பொருந்தினால்தான் "ஓ, இதுவா!" என்று அர்த்தம் பிடிபடும்.

தமிழில் முதல் வேலையே சற்று நீளமானது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். அதோடு, ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப வேறு ஒலி தரும். 'கடல்', 'மகன்', 'தங்கம்' என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிக்காது. 'பச்சை', 'பசி', 'பஞ்சு' என்பதில் 'ச' வரிசையும் அப்படித்தான். இந்தச் சொற்களை முன்பே கேட்ட குழந்தைக்கு இது சிக்கலே இல்லை. கேட்காத குழந்தைக்கு, சரியான ஒலி எது என்பதே ஊகம்தான்.

இரண்டாவது வேலையில்தான் பெரிய தடை. 'செ-ன்-று-வி-ட்-டா-ர்-க-ள்' என்று ஒன்பது எழுத்துகளைக் கூட்டி முடித்த பிறகும், அது தினமும் தன் வாயில் வரும் 'போயிட்டாங்க'தான் என்று குழந்தைக்குத் தெரிவதில்லை. உழைத்துப் படித்ததற்குப் பலனாக ஒரு கதையும் கிடைக்கவில்லை என்றால், எந்தக் குழந்தை அடுத்த பக்கத்தைப் புரட்டும்?

வாசித்துக் காட்டினால் என்ன மாறும்?

புத்தகத் தமிழைக் குழந்தை முதலில் காதால் பழக வேண்டும். கண்ணால் படிப்பது அதற்குப் பிறகு எளிது. புத்தகத் தமிழை அன்பான, பழகிய குரலில் கேட்க வீட்டில் இருக்கும் எளிய வழி, யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பதுதான்.

இதே சிக்கல் உள்ள அரபு மொழியில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் அரபு பேசும் மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில மாதங்கள் தொடர்ந்து இலக்கிய அரபில் கதைகளை வாசித்துக் காட்டினார் கல்வி ஆய்வாளர் டீனா ஃபெய்டெல்சன் தலைமையிலான குழு. 1993-ல் வெளியான அந்த ஆய்வில், கதை கேட்ட குழந்தைகள் எழுத்து மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் மற்றக் குழந்தைகளை முந்தினார்கள். பள்ளிக்குப் போகாத வயசு, புரியாது என்று ஒதுக்கப்பட்ட மொழி. தொடர்ந்து கேட்டதும் பழகிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் "சாப்பிட்டியா, குளிச்சியா, ஹோம்வொர்க் முடிச்சியா" என்பதற்குள் சுற்றும். ஒரு சிறிய படக்கதைக்குள்கூட 'திடீரென்று', 'நடுக்கம்', 'பள்ளத்தாக்கு', 'ஏமாற்றம்' என்று அன்றாடப் பேச்சில் வராத சொற்கள் வந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பு 2014-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே சத்தமாக வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும் என்றது. 2024-ல் அதை மீண்டும் வலியுறுத்தியது.

பேச்சுத் தமிழுக்கு மாற்றி வாசிக்கலாமா?

நிறைய பெற்றோர் செய்வது இதுதான். 'சென்றுவிட்டார்கள்' என்று இருப்பதை, குழந்தைக்குப் புரியட்டும் என்று 'போயிட்டாங்க' என்று மாற்றிச் சொல்லிவிடுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எப்போதுமே இப்படி மாற்றினால், குழந்தை எழுத்துத் தமிழைக் கேட்கும் வாய்ப்பே போய்விடும்.

அதற்காகச் செய்தி வாசிப்பாளர் மாதிரி கடைசி வரை வாசித்துக்கொண்டே போனாலும் குழந்தை எழுந்து ஓடிவிடும். இரண்டையும் சேர்ப்பதுதான் வழி:

- முதலில் புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போகலாம்.
- உடனே அதையே வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். "கரடி தேனைக் கண்டது. அதாவது, கரடி தேனைப் பார்த்துடுச்சு!"
- ஒரே கதையை மறுநாளும் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். மூன்றாவது முறை விளக்கம் தேவைப்படாது. நான்காவது முறை குழந்தையே முந்திக்கொண்டு 'கண்டது' என்று சொல்லும்.

மிகச் சிறிய குழந்தைகளுக்குப் படத்தைக் காட்டி வீட்டுத் தமிழில் கதை சொல்வதில் தவறே இல்லை. நான்கு, ஐந்து வயதிலிருந்து புத்தக வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

பாதி வாசிப்பு, பாதி அரட்டை

அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பயன்படும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, கதை வாசிக்கும்போது நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கவும், குழந்தை சொல்லும் பதிலை நீட்டிச் சொல்லவும் பயிற்சி தந்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வாசித்தார்கள். நான்கு வாரத்தில், கேள்வி கேட்டு வாசித்த வீடுகளின் குழந்தைகள் பேச்சுத் திறனில் முன்னே போயிருந்தார்கள். நான்கு வாரம் என்பது நம்ம கோடை விடுமுறையைவிடக் குறைவு.

கேள்வி என்றால் பரீட்சைக் கேள்வி இல்லை. "கரடி என்ன நிறம்?" என்பதற்கு ஒரு சொல் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "கரடி ஏன் மரத்துல ஏறாம நிக்குது?", "நீயா இருந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டால் பேச்சு வளரும். குழந்தை "பயம்" என்று மட்டும் சொன்னால், "ஆமா, தேனீ கொட்டிடும்னு பயந்து நிக்குது" என்று முழு வாக்கியமாக்கிக் கொடுங்கள்.

கதை முடிந்ததும் "நீதி என்ன? எழுதிக் காட்டு" என்று நோட்டை நீட்டுவதைத் தவிர்க்கலாம். விடுமுறையில் அது இன்னொரு டியூஷனாக மாறிவிடும்.

'எனக்கே தமிழ் வேகமா படிக்க வராதே?'

இப்போது இளம் பெற்றோராக இருக்கும் பலருடைய நிஜமான தயக்கம் இது. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது 2006-ல். 1-ம் வகுப்பில் தொடங்கி, படிப்படியாக 10-ம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமானது. அதற்கு முன் பள்ளியில் சேர்ந்தவர்கள் இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு என்று வேறு மொழி எடுத்து, தமிழே எழுதாமல் பள்ளிப் படிப்பை முடித்திருக்க முடியும். ஐ.டி. வேலை, ஆங்கில மின்னஞ்சல், தமிழைக்கூட ஆங்கில எழுத்தில் தட்டும் வாட்ஸ்அப் என்று வாழ்க்கை ஓடிய பிறகு, மகள் முன்னால் திக்கித் திக்கித் தமிழ் படிக்க வெட்கமாகத்தான் இருக்கும்.

இதற்கும் வழி உண்டு. ஒன்று, பக்கத்துக்கு ஒரு வரி இருக்கும் புத்தகத்தில் தொடங்குவது. குழந்தை தூங்கிய பிறகு மறுநாள் கதையை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டால் போதும். "அப்பாவும் இப்பதான் கத்துக்கறேன், சேர்ந்து படிப்போமா?" என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று, தாத்தா பாட்டி. 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா', பிறகு 'கண்ணன்', 'கோகுலம்' என்று சிறுவர் இதழ்களைப் போட்டி போட்டுப் படித்த தலைமுறை அது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பையில் நான்கு புத்தகம் வைத்தனுப்பினால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரத்தைப் பாட்டி பார்த்துக்கொள்வார். தூரமாக இருந்தால் வீடியோ கால். பாட்டி ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். வாய்ஸ் மெசேஜில் கதை வாசித்து அனுப்பும் அத்தையும் சித்தப்பாவும்கூட இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

படிக்கத் தெரியாத பாட்டி என்றால்? அவர் கதை சொல்லட்டும், பேத்தி வாசிக்கட்டும். "இது எனக்குத் தெரிஞ்ச கதையாச்சே, எங்க ஊர்ல வேற மாதிரி சொல்வோம்" என்று அவர் தொடங்கினால், ஒரு கதைக்கு இரண்டு கதை கிடைக்கும்.

எந்தப் புத்தகம்? எங்கே கிடைக்கும்?

- செல்போனில், இலவசமாக: பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் உண்டு. 1 முதல் 4 வரை வாசிப்பு நிலைகள் பிரித்திருப்பார்கள். பதிவிறக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். போனிலேயே படித்தால் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள்.
- வாங்குவதற்கு: சென்னையைச் சேர்ந்த தூலிகா 1996 முதல் குழந்தைப் புத்தகங்கள் வெளியிடுகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் அதன் இருமொழிப் புத்தகங்கள், தமிழில் தயங்கும் பெற்றோருக்குக் கைகொடுக்கும். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் வெளியிடும் சிறுவர் நூல்களும் உண்டு.
- அரசுப் பள்ளி மாணவர்களுக்கு: 4, 5-ம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9-ம் வகுப்பு வரை 'தேன்சிட்டு' என்ற இதழ்களைப் பள்ளிக் கல்வித் துறை 2022-ல் தொடங்கியது. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாக வந்தன.
- நூலகம்: சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதன் பின்னணியில் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சொத்து வரியோடு நாம் நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில்தான் நம்ம ஏரியா கிளை நூலகம் நடக்கிறது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. வெயில் நேரத்துக்கு இதைவிட நல்ல அவுட்டிங் கிடைப்பது கஷ்டம்.

புத்தகத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். டைனோசர் என்றால் டைனோசர், காமிக்ஸ் என்றால் காமிக்ஸ்.

வேலைக்குப் போகிற வீட்டில் எப்போது?

தினமும் ஒரு மணி நேரம் என்று டைம்டேபிள் போட்டால் மூன்றாம் நாளே நின்றுவிடும். 15 நிமிடம் போதும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில். இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் முன், அல்லது காலையில் அலுவலகம் கிளம்பும் முன். ஆபீஸ் கால் நீண்டுபோன நாளில் ஒரே ஒரு பக்கம். கரன்ட் போன ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் பேய்க் கதை.

அண்ணனும் தங்கையும் இருக்கும் வீட்டில், பெரியவன் சின்னவளுக்கு வாசித்துக் காட்டலாம். அவளுக்குக் கதை கிடைக்கும். தன் வகுப்புக்குக் கீழான புத்தகத்தை வெட்கமில்லாமல் சத்தமாகப் படித்துப் பழக அவனுக்கும் ஒரு சாக்கு கிடைக்கும்.

நாற்பது நாளில் குழந்தை சரளமாகத் தமிழ் படித்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஜூனில் புதுத் தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது, 'சென்றுவிட்டார்கள்' என்ற சொல் அவர்களுக்கு வேற்றூர்க்காரர் போல இருக்காது. அம்மாவின் குரலிலோ தாத்தாவின் குரலிலோ அதை ஏற்கெனவே கேட்டிருப்பார்கள்.