ஒரே ஊர், ஒரே நூல்

ஓர் ஊரில் உள்ள எல்லாரும் ஒரே புத்தகத்தை வாசித்தால் என்ன நடக்கும்?

1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய நான்சி பெர்ல் என்ற நூலகர் இந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு நின்றுவிடாமல், அதையே ஒரு திட்டமாக மாற்றினார். 'சியாட்டில் முழுவதும் ஒரே புத்தகத்தை வாசித்தால்' என்பதுதான் அத்திட்டத்தின் பெயர். நூலகம் அந்தப் புத்தகத்தைக் கூடுதல் பிரதிகளாக வாங்கி வைக்கும். வாசகர் குழுக்களுக்குப் பிரதிகளையும் கலந்துரையாடலுக்கான கேள்விகளையும் கொடுக்கும். மக்கள் வீட்டில் தனியாக வாசித்துவிட்டு, பின்னர் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். நூலை எழுதியவரும் நேரில் வந்து அவர்களோடு பேசுவார்.

முதல் ஆண்டில் தேர்ந்தெடுத்த நூல் எது தெரியுமா? நகைச்சுவைக் கதையோ துப்பறியும் கதையோ அல்ல. ரஸ்ஸல் பேங்க்ஸ் 1991இல் எழுதிய 'தி ஸ்வீட் ஹியராஃப்டர்' என்ற நாவல். பனிக்காலக் காலை ஒன்றில் ஒரு சிற்றூரின் பள்ளிப் பேருந்து விபத்துக்குள்ளாகிறது. குழந்தைகள் பலர் இறந்துபோகிறார்கள். துக்கத்தில் மூழ்கிய அந்த ஊருக்கு வழக்கறிஞர் ஒருவர் வருகிறார். 'யாரோ தவறு செய்திருக்கிறார்கள், வழக்குத் தொடுப்போம்' என்கிறார். பேருந்தை ஓட்டிய பெண், பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தை, அந்த வழக்கறிஞர், உயிர் பிழைத்தும் நடக்க முடியாமற்போன ஒரு சிறுமி என நால்வர் மாறி மாறி அக்கதையைச் சொல்கிறார்கள்.

இத்தனை துயரமான கதையை ஒரு நகரமே வாசிக்க வேண்டுமா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் ஒரு விபத்து நடந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? 'யார் மேல் தப்பு?' என்றுதானே? அந்தக் கேள்விக்கு இந்த நாவல் எளிதான விடை எதையும் தருவதில்லை. ஒருவர் பேசும்போது அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தெரிகிறது. அடுத்தவர் பேசும்போது நம் மனம் மாறுகிறது. தனியாக வாசிப்பவர் தன் தீர்ப்போடு புத்தகத்தை மூடிவிடலாம். பத்துப் பேரோடு உட்கார்ந்து பேசுபவருக்கோ, தான் குற்றவாளி என்று நினைத்தவருக்காகக் கண்கலங்கும் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். கூடி வாசிப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

இம்முயற்சி விரைவில் மற்ற நகரங்களுக்கும் பரவியது. 2001இல் சிகாகோ நகரம், ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பர்ட்' நாவலை எடுத்துக்கொண்டது. பொய்க்குற்றம் சாட்டப்பட்ட ஒரு கறுப்பினத்தவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞரின் கதை அது. நிறத்தைப் பற்றி முகம் பார்த்துப் பேசத் தயங்கியவர்களுக்கும் அக்கதையைப் பற்றிப் பேசுவது எளிது அன்றோ?

எல்லா இடத்திலும் இது வெற்றி பெறவில்லை. 2002இல் நியூயார்க்கில் இதைத் தொடங்க முயன்றவர்கள், எந்த நூலை எடுப்பது என்பதிலேயே பிரிந்துபோனார்கள். ஒரு சாரார் ஒரு நூலையும் மறு சாரார் வேறொரு நூலையும் பிடித்துக்கொள்ள, நகரம் முழுவதற்கும் ஒரே நூல் என்ற நோக்கம் நிறைவேறவில்லை. மிகச் சிறந்த நூல் எது என்பது அல்ல கேள்வி. எந்த நூலைச் சுற்றி நாம் சேர்ந்து உட்கார முடியும் என்பதே கேள்வி. அதை மறந்தால் வாசிப்பும் வழக்காகிவிடும்.

சரி, ஊருக்கு ஒரு நூல் என்றால், தனி மனிதருக்கு எந்த நூல்? 'நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்' என்று கேட்பவரிடம், நல்ல நூலகர் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. 'நீங்கள் விரும்பி வாசித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று முதலில் கேட்கிறார். ஒரு நூலுக்குள் நுழைய கதை, கதைமாந்தர், களம், மொழி என நான்கு வாசல்கள் உண்டு என்பது நான்சி பெர்லின் விளக்கம். வாசகர் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறவர் என்று தெரிந்தால் பரிந்துரைப்பது எளிது. 50 பக்கம் வாசித்தும் பிடிக்காவிட்டால் புத்தகத்தை வைத்துவிடலாம் என்பது அவர் சொல்லும் மற்றொரு வழி. 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தம் வயதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 72 வயதுப் பாட்டி 28 பக்கம் வாசித்தால் போதும்!

அங்குள்ள நூலகங்கள் திரைப்படங்களையும் இரவல் தருகின்றன. மேற்சொன்ன இரண்டு நாவல்களும் படங்களாக வந்தவையே. ஹார்ப்பர் லீயின் கதை 1962இலும், பேங்க்ஸின் கதை 1997இலும் திரைக்கு வந்தன. வாசிக்கப் பழகாதவரும் படத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சில் சேர்ந்துகொள்ளலாம். பொழுதுபோக்கும் இப்படி உறவுக்குப் பாலமாகிறது.

இது நமக்கு அந்நியமான சிந்தனை அல்ல. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்து. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

அன்பு உள்ளங்களே, நமக்கு ஒரு நகரம் வேண்டாம். ஓர் அன்பியத்தின் பத்துக் குடும்பங்கள் போதும். கிளை நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்து, ஒரு மாதம் கைமாற்றி வாசிப்போம். எழுத்துத் தெரியாத பெரியவருக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். மாத முடிவில் கூடும்போது, 'பிடித்ததா?' என்று மட்டும் கேட்க வேண்டாம். 'இந்தக் கதையில் முதலில் யார்மீது கோபப்பட்டீர்கள்? அந்தக் கோபம் எப்போது தணிந்தது?' என்று கேட்போம். பதில் சொல்பவர், பல ஆண்டுகளாக நாம் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.