உண்ணிச்செடி: காட்டுக்குள் நாம் விட்ட புதர்

முதுமலை, சத்தியமங்கலம் காட்டுச் சாலைகளில் இருபுறமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும் புதரைப் பார்த்து, காடு செழிப்பாக இருக்கிறது என்று பலரும் மகிழ்கிறார்கள். உண்மையில் காட்டை நெருக்கிக்கொண்டிருப்பதே அந்தப் புதர்தான். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த உண்ணிச்செடியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள் ஆங்கிலேயர்கள். அங்கிருந்து அது நாடெங்கும் பரவியது.

ஒரு பூங்கொத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் புதிதாக விரிந்த பூக்கள் மஞ்சள். ஓரத்தில் முதிர்ந்தவை நிறம் மாறியிருக்கும். பூச்சிகள் தேனுள்ள மஞ்சள் பூக்களையே நாடுவதால் மகரந்தச் சேர்க்கை வீணாவதில்லை. கறுத்துப் பழுத்த கனிகளைத் தின்னும் கொண்டைக்குருவிகள் விதைகளைக் காடெங்கும் போட்டுவிடுகின்றன. இலையில் நஞ்சு இருப்பதால் மானும் மாடும் வாய் வைப்பதில்லை. நாற்பட்டைத் தண்டும் கொக்கி முள்ளுமாகப் புதர் அடர்ந்துவிட்டால் அதன் நிழலில் புல் முளைக்காது; மரக்கன்றும் தலைதூக்காது.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள் முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குத் தீ வைப்பார்கள். தரையோடு தவழும் அந்தச் சிறு தீயில் உண்ணிக் கன்றுகள் கருகும். பெரிய மரங்கள் தப்பிவிடும். 1974-இல் அம்மலை சரணாலயமானது. தீ வைப்பதும் நின்றுபோனது. அதன்பின்தான் உண்ணி பெருகியது என்கிறார்கள் சோலிகர்கள். 1997-க்கும் 2008-க்கும் இடையே அங்கு உண்ணி பரவிய பரப்பு ஏறக்குறைய இரு மடங்கானதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது பற்றும் தீயோ காய்ந்த புதரில் ஏறி மர உச்சிவரை போகிறது.

வெறுமனே வெட்டினால் உண்ணி மீண்டும் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு வகுத்த முறையில், மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரைத் துண்டித்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுகிறார்கள். பறவைகள் அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்கி, அந்த இடத்தில் நாட்டுப் புல்லை வளர்க்கிறார்கள். வெட்டிய தண்டும் வீணாவதில்லை: கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் அதைக் கொண்டு ஆளுயரத்தையும் மிஞ்சும் யானை உருவங்களைச் செய்கிறார்கள்.

வேலியிட்டு மனிதரை விலக்கினாலே காடு தானாகத் தேறிவிடும் என்பது உண்ணி புகுந்த காட்டில் பலிக்காது. அங்கே ஆண்டுதோறும் களையெடுக்கக் கைகள் வேண்டும். அந்தப் பொறுப்பையும் அதற்குரிய கூலியையும் தலைமுறைகளாகக் காட்டை அறிந்தவர்களிடம் கொடுப்பதே முறை.