பிக்கப் வண்டியின் பக்கச்சுவர்

அமெரிக்க விவசாயிகள் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் சிறு லாரிக்குப் பிக்கப் என்று பெயர். முன்புறம் ஓட்டுநர் அறை. பின்புறம் மேல்மூடியற்ற சுமைப்பெட்டி. 1925-இல் போர்டு கம்பெனியார் தங்கள் மாடல் டி மோட்டாரில் இப்பெட்டியைத் தாமே பொருத்தி 281 டாலருக்கு விற்றனர். அதற்கு முன் பெரும்பாலும் வாங்கியவரே தச்சரையோ கொல்லரையோ கொண்டு பெட்டி கட்டிக்கொள்வார்.

அந்தப் பெட்டியைச் சற்று உற்று நோக்குவோம். நமது கட்டை வண்டியில் சக்கரங்கள் தட்டுக்கு வெளியே சுழல்வதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். பழைய பிக்கப்பின் அமைப்பும் அதுவே. பெட்டி குறுகியது, பின் சக்கரங்கள் அதற்கு வெளியே, தனி மட்கார்டுகளின் கீழ் இருந்தன. மட்கார்டுக்கு முன்னால் ஒரு படிப்பலகை. அதில் ஏறி நின்று, தானிய மூட்டையைப் பக்கவாட்டிலிருந்தே இறக்கலாம். கண்ணுக்கு அழகில்லை, கைக்கு உதவியது.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் முதலில் ஓட்டுநர் அறை மாறியது. 1947-இல் வந்த செவ்ரோலே வண்டியில் மூவர் வசதியாக அமரலாம். போர்டு கம்பெனி 1948-இல் தன் எப் வரிசையைத் தொடங்கிற்று. வாரநாட்களில் சுமை ஏற்றிய வண்டி, ஞாயிறன்று குடும்பத்தைத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்லலாயிற்று. அப்படியாயின் அது காரைப் போலத் தோன்ற வேண்டுமல்லவா?

1955-இல் செவ்ரோலே வெளியிட்ட கேமியோ அதற்கு ஒரு விடை. மட்கார்டுப் புடைப்பு மறைந்து, பக்கச்சுவர் ஓட்டுநர் அறையோடு நேராக ஓடியது. ஆனால் அச்சுவர் கண்ணாடி இழையாலான போர்வையே. உள்ளே இருந்தது பழைய குறுகிய பெட்டிதான். விலையும் அதிகம். 1957-இல் போர்டு கம்பெனி இரும்புத் தகட்டாலேயே பெட்டியை முழு அகலத்துக்கு விரித்தது. மறு ஆண்டு செவ்ரோலேயும் அவ்வழி சென்றது. இடம் பெருகிற்று, சக்கரத்தின் மேல்வளைவு மட்டும் பெட்டிக்குள் புகுந்தது. அதை விரும்பாதோருக்காகப் பழைய அமைப்பையும் பல்லாண்டுகள் விற்றனர். விவேகமான காரியம் என்றே நாம் கருதுகிறோம்.

1961-இல் வந்த போர்டு வண்டிகள் சிலவற்றில் அறையும் பெட்டியும் இடைவெளியின்றி ஒரே உடலாக அமைந்தன. தோற்றம் நேர்த்தி, உற்பத்தியும் எளிது. ஆனால் பாரம் ஏற்றிய வண்டி மேடுபள்ளங்களில் செல்லுங்கால் அடிச்சட்டம் முறுகும். இரண்டும் தனித்தனியாயின் இடையிலுள்ள சந்து அந்த முறுக்குக்கு இடம் கொடுக்கும். ஒட்டிய உடலுக்கு அந்த வசதி ஏது? கதவுகள் இறுகிக்கொள்கின்றன என்று வாங்கியோர் முறையிட்டனர். 1964-ஆம் ஆண்டு மாடலில் பெட்டி மீண்டும் பிரிந்தே வந்தது, இடையே அந்தப் பழைய சந்துடன்.